காத்தல்: ஒரு சொல்லும் அதன் இரு பக்கங்களும்

மருத்துவமனைச் சுவர்களிலும் பள்ளி வளாகங்களிலும் நாம் அடிக்கடி காணும் குறள்களுள் ஒன்று 435-ஆம் குறள். கேடு வருமுன்பே காத்துக்கொள்ளாதவனின் வாழ்வு, நெருப்பின் முன் வைத்த வைக்கோற்போர் போலக் கெடும் என்று அதற்கு நாம் பள்ளியில் பொருள் படித்தோம். 1999-இல் தமிழக அரசு ஊர்தோறும் மருத்துவ முகாம்களைத் தொடங்கியபோது அத்திட்டத்திற்கு 'வருமுன் காப்போம்' என்றே பெயரிட்டது; 2021-இல் அத்திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டபோதும் அப்பெயர் தொடர்ந்தது. நம் மறையுரைகளிலும் இக்குறளுக்கு நல்ல செல்வாக்கு உண்டு. தடுப்பூசியைப் பற்றிப் பேசினாலும், மதுவின் கேட்டைப் பற்றிப் பேசினாலும், தேர்வுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளிடம் பேசினாலும் இக்குறள் வந்து நிற்கும்.

இவ்வாறு ஆள்வதில் பிழை இல்லை. நல்ல சொல் பல இடங்களுக்குப் பயன்படும். எனினும், ஒரு சொல்லை அது பிறந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து நெடுங்காலம் வழங்கும்போது அதன் பொருளில் ஒரு பாதி நம்மை அறியாமலே உதிர்ந்துவிடுகிறது. 'காத்தல்' என்னும் சொல்லுக்கு அவ்வாறே நேர்ந்துள்ளது என்பது நம் கருத்து. 'சிறார் பாதுகாப்பு' என்னும் தொடர் ஆயர் இல்லச் சுற்றறிக்கைகளிலும் பங்கு அறிவிப்புப் பலகைகளிலும் இடம்பெறும் இந்நாளில், உதிர்ந்த அந்தப் பாதியைத் தேடி எடுப்பது சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் செயல் ஆகாது. நம் பிள்ளைகளின் நலன் அதில் அடங்கியுள்ளது.

குறள் நிற்கும் இடம்

435-ஆம் குறள் எந்த அதிகாரத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். நோயைப் பற்றிய 'மருந்து' அதிகாரத்தில் அது இல்லை. பகைவரிடமிருந்து நாட்டைக் காக்கும் 'அரண்' அதிகாரத்திலும் இல்லை. பொருட்பாலில், 44-ஆம் அதிகாரமாகிய 'குற்றங்கடிதல்' என்பதில் அது அமைந்துள்ளது. ஆளும் பொறுப்பில் இருப்பவன் தன்னிடமுள்ள குற்றங்களைத் தானே கண்டு விலக்க வேண்டும் என்பதே அவ்வதிகாரத்தின் பொருள். பரிமேலழகரும் இக்குறளுக்கு அவ்வாறே உரை காண்கிறார். 'வருவது' என்று அவர் கொள்வது குற்றத்தை. அதை வருமுன் காக்கத் தவறுகிறவன் அரசன். அடுத்து நிற்கும் 436-ஆம் குறளும் இதற்குத் துணை செய்கிறது. முதலில் தன் குற்றத்தை நீக்கி, அதன்பின் பிறர் குற்றத்தைக் காணும் தலைவனுக்கு என்ன குற்றம் நேரும் என்று அது கேட்கிறது.

ஆகவே, வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பற்றி நாம் மேற்கோள் காட்டும் குறள், தன் இடத்தில் உள்ளிருந்து வரும் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறது. பொதுமக்களுக்குச் சொன்னதாக நாம் கருதும் குறள், தன் இடத்தில் தலைவனுக்குச் சொல்லப்படுகிறது. அவன் கெட்டால் அவனை நம்பியிருப்போரும் கெடுவர் என்பதால் அவன் வாழ்வுக்கு வைக்கோற்போர் உவமையாகிறது.

இவ்வதிகாரத்தில் இன்னொன்றும் நம் கண்ணில் படவேண்டும். தலைவன் விலக்கவேண்டிய குற்றங்களை எண்ணும்போது 432-ஆம் குறள் மானத்தையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. எல்லா மானமும் குற்றம் என்று வள்ளுவர் சொல்லவில்லை. மாட்சி நீங்கிய மானத்தையே சொல்கிறார். தன் பெயர் கெடக்கூடாது என்னும் வீண் பெருமை அது. எதைக் காக்கவேண்டும் என்று தலைவர்கள் வழக்கமாக எண்ணுகிறார்களோ, அதையே வள்ளுவர் விலக்கவேண்டியவற்றின் வரிசையில் வைத்திருக்கிறார். இதற்கு மீண்டும் வருவோம்.

இரு பக்கங்கள்

'காத்தல்' என்னும் வினையை வள்ளுவர் ஆளும் முறையைக் கூர்ந்து நோக்கினால் அதற்கு இரண்டு பக்கங்கள் இருப்பது தெரியும். உழவன் பயிரைக் காக்கிறான். கோழி முட்டையை அடைகாக்கிறது. தாய் பிள்ளையைக் காக்கிறாள். இவற்றில் தீங்குக்கு உள்ளாகக்கூடியது எதுவோ அதுவே காக்கப்படுகிறது. ஆனால் வள்ளுவர் நாவைக் காக்கச் சொல்கிறார் (127). சினத்தைக் காக்கச் சொல்கிறார் (301). குற்றத்தைக் காக்கச் சொல்கிறார் (434). நாவும் சினமும் குற்றமும் தீங்குக்கு உள்ளாகுபவை அல்ல, தீங்கு செய்பவை. இங்கே காத்தல் என்பது அடக்குதல். வரம்பு கடக்கவிடாமல் நிறுத்துதல்.

ஆக, ஒரே சொல் எளியவரை அணைக்கவும் செய்கிறது. வலியவரைத் தடுக்கவும் செய்கிறது. நம் முன்னோர் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்களைத் தேடவில்லை. தன்னை அடக்காதவனால் பிறரைக் காக்க இயலாது என்னும் தெளிவு அச்சொல்லிலேயே இருந்தது.

301-ஆம் குறள் இதை இன்னும் நுட்பமாக விளக்குகிறது. தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதை அடக்குகிறவனே சினம் காப்பவன். செல்லுபடியாகாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று அது கேட்கிறது. வலியவன்முன் நாம் அடங்கியிருப்பது அறமாகிவிடாது. அங்கே நமக்கு வேறு வழி இல்லை. நம்மை எதிர்க்க இயலாத ஒருவர்முன், ஒரு பணியாளர்முன், ஒரு மாணவர்முன், ஒரு சிறு பிள்ளையின்முன் நாம் எப்படி அடங்கி நிற்கிறோம் என்பதில்தான் காத்தல் சோதிக்கப்படுகிறது.

மக்கள் வழக்கிலும் இவ்விரு பக்கங்களும் வாழ்கின்றன. சிற்றூர்த் திருவிழாக்களில் காப்புக் கட்டும் வழக்கத்தை நாம் அறிவோம். கையில் கட்டிய காப்பு அவரைத் தீங்கினின்று காக்கும் என்பது நம்பிக்கை. அதே காப்பு அவரைக் கட்டவும் செய்கிறது. காப்புக் கட்டியவர் புலால் உண்பதில்லை. விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. காக்கும் கயிறும் கட்டும் கயிறும் ஒன்றே.

இலக்கியத்திலும் ஒரு சான்று உண்டு. பிள்ளைத்தமிழ் நூல்களின் பத்துப் பருவங்களில் முதலாவது காப்புப் பருவம். தாலாட்டுக்கும் சப்பாணிக்கும் முத்தத்திற்கும் முன்பாக, பிள்ளையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது அதன் மரபு. தமிழில் சமய எல்லைகளைக் கடந்து வாழும் வடிவம் இது. இசுலாமியப் புலவர்களும் இதில் பாடினர். நம் காலத்தில் 1985-இல் அருள் செல்லத்துரை இயேசுபிரான்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். இப்பருவத்திற்குப் பாட்டியல் நூல்கள் ஒரு விதி வகுத்துள்ளன. காப்பாக அழைக்கப்படும் தெய்வங்களின் கொலைச் செயல்களை இங்கே பாடக்கூடாது என்பதே அவ்விதி. பிள்ளையின் அருகில் வருகிறவர் எத்துணை வல்லமை உடையவராயினும் தம் வல்லமையின் கொடிய பக்கத்தை வாயிலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். காப்பவரையும் காத்த பின்னரே பிள்ளைக்கு அருகில் விட்டது நம் மரபு.

இன்றைய சொல்

இனி, இன்று நாம் பெரிதும் வழங்கும் 'பாதுகாப்பு' என்னும் சொல்லைப் பார்ப்போம். நாட்டின் பாதுகாப்பு, சாலைப் பாதுகாப்பு, உணவுப் பாதுகாப்பு என்று அதன் ஆட்சி விரிந்துள்ளது. ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். 'சினம் காத்தான்' என்றால் சினத்தை அடக்கினான் என்று பொருள். 'சினத்தைப் பாதுகாத்தான்' என்றால் சினத்தை ஆறவிடாமல் நெஞ்சுக்குள் வளர்த்தான் என்றல்லவா பொருள்படும்! 'குற்றம் காத்தான்' என்பது குற்றத்தை விலக்கினான் என்றாகும்; 'குற்றத்தைப் பாதுகாத்தான்' என்பதோ குற்றத்திற்குக் காவல் நின்றான் என்றாகும். பழைய சொல்லின் அடக்கும் பக்கம் புதிய சொல்லில் இல்லை. அணைக்கும் பக்கம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. யாரை, எதை அணைப்பது என்பதைச் சொல் நமக்குச் சொல்வதில்லை.

இதனால் விளைந்த கேட்டைத் திருச்சபையாகிய நாம் நன்கு அறிவோம். 2009 நவம்பரில் வெளியான அயர்லாந்தின் மர்ஃபி ஆணைய அறிக்கை, டப்ளின் உயர்மறைமாவட்டத்தில் அருள்பணியாளர்களுக்கு எதிரான புகார்கள் 1975 முதல் 2004 வரை கையாளப்பட்ட விதத்தை ஆராய்ந்தது. 1990-களின் நடுப்பகுதி வரையிலேனும் இரகசியத்தைக் காப்பதும், இடறலைத் தவிர்ப்பதும், திருச்சபையின் பெயரைக் காப்பதும், அதன் சொத்துகளைக் காப்பதுமே முன்னின்றன என்றும், பிள்ளைகளின் நலன் இவற்றுக்குப் பின்தள்ளப்பட்டது என்றும் அது கண்டது. எத்தனை காத்தல்கள்! அத்தனையிலும் பிள்ளை இல்லை. மாட்சி நீங்கிய மானத்தைக் குற்றமென்று வள்ளுவர் ஏன் எண்ணினார் என்பது இங்கே விளங்குகிறது.

இது அயர்லாந்தின் கதை மட்டும் என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. நம் பேச்சிலும் 'மௌனம் காத்தல்', 'பொறுமை காத்தல்', 'குடும்ப மானம் காத்தல்' ஆகிய தொடர்கள் உள்ளன. இவை நற்பண்புகளின் பெயர்கள்தாம். ஆயினும் யார், யாரிடம், எப்போது இவற்றைச் சொல்கிறார் என்று பார்க்கவேண்டும்.

குருத்துவ வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் நாம் பணியாற்றிய ஒரு பங்கில் ஒரு தாய் மாலைத் திருப்பலிக்குப்பின் நம்மிடம் வந்தார். தம் மகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுவதாகவும், காரணம் கேட்டால் வாய் திறப்பதில்லை என்றும், வகுப்பெடுப்பவரைக் கண்டால் ஒளிந்துகொள்வதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். வகுப்பெடுத்தவர் பங்கில் மதிப்புப் பெற்றவர். கோவில் பணிகளில் நமக்கு வலக்கையாக இருந்தவர். "பொறுமையாக இருங்கள் அம்மா, பிள்ளைகள் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பினோம். "சரிங்க சாமி" என்று அவர் போய்விட்டார். சில மாதங்களில் அக்குடும்பம் வேறு ஊருக்குச் சென்றது. அப்பிள்ளைக்கு என்ன நேர்ந்தது, ஏதேனும் நேர்ந்ததா என்பது நமக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம், நாம் கேட்கவில்லை. அன்று நாம் யாரைக் காத்தோம் என்னும் கேள்வி, 'சிறார் பாதுகாப்பு' என்னும் அறிவிப்பைப் பீடத்திலிருந்து வாசிக்கும்போதெல்லாம் எழுகிறது.

திருநூலின் காவலாளி

திருவிவிலியத்தில் இச்சொல் இரு பக்கங்களோடும் நிற்கும் இடம் காயினின் வரலாறு. தம்பியின் காவலாளியா நான் என்று அவன் கடவுளிடம் கேட்பதை (தொடக்கநூல் 4:9) நாம் அனைவரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு இரண்டு வசனங்கள் முன்பு, கொலை நிகழுமுன்பே, கடவுள் அவனை எச்சரித்ததை மறந்துவிடுகிறோம். பாவம் வாயிலில் பதுங்கிக் கிடக்கிறது, அதை நீ அடக்கி ஆளவேண்டும் என்பது அவ்வெச்சரிக்கையின் பொருள். சினத்தைக் காக்கத் தவறியவன் தம்பியையும் காக்கத் தவறினான். முதற்காவல் தவறிய இடத்தில் இரண்டாங்காவல் நிற்கவில்லை.

மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரமும் இவ்வாறே அமைந்துள்ளது. சிறியோருள் ஒருவரைப் பாவத்தில் விழச்செய்பவரைப் பற்றி எந்திரக்கல்லைக் குறிப்பிட்டுக் கடுமையாகப் பேசிய ஆண்டவர், அடுத்து நம் கையையும் காலையும் கண்ணையும் பற்றிப் பேசுகிறார் (18:6-9). இவற்றைத் தனித்தனியே பிரித்து, முன்னதைக் கொடியவர்களுக்கும் பின்னதைப் பொதுவான ஒறுத்தலுக்கும் உரியதாக நாம் விளக்கிவந்துள்ளோம். சேர்த்து வாசித்தால், சிறியோரைக் காப்பதற்கு வழி நம் கையிலிருந்தே தொடங்குகிறது என்பது புலப்படும். தூய பவுலும் மிலேத்துவில் எபேசு நகர மூப்பர்களிடம் விடைபெறும்போது, முதலில் தங்களைப் பற்றியும் பின்னர் மந்தையைப் பற்றியும் கவனமாயிருக்கச் சொல்கிறார். கேடு செய்வோர் அவர்கள் நடுவிலிருந்தே எழக்கூடும் என்றும் சேர்த்துச் சொல்கிறார் (திருத்தூதர் பணிகள் 20:28-30).

திருச்சபைச் சட்டத்திலும் அண்மையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1983-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில், சிறாருக்கு எதிராக அருள்பணியாளர் புரியும் பாலியல் குற்றம், சிறப்புக் கடமைகளை மீறும் குற்றங்கள் என்னும் தலைப்பின்கீழ் இருந்தது. குருவின் கடமை மீறப்பட்டது என்பதே அங்குப் பார்வை. திருத்தந்தை பிரான்சிஸ் திருத்தியமைத்து, 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அது 1398-ஆம் விதியாக, மனித உயிர், மாண்பு, சுதந்திரம் ஆகியவற்றுக்கு எதிரான குற்றங்களின் கீழ் வைக்கப்பட்டுள்ளது. குற்றம் ஒன்றே, தலைப்பு மாறியது. முன்பு குருவின் நிலையிலிருந்து நோக்கிய சட்டம் இப்போது பிள்ளையின் பக்கத்தில் நின்று நோக்குகிறது. குறளை அதன் அதிகாரத்தில் வைத்துப் படித்தால் பொருள் மாறுவதுபோல் இங்கும் இடம் பொருளை மாற்றிவிட்டது.

எழும் ஐயங்கள்

இத்தகைய விதிகள் அருள்பணியாளரையும் ஆசிரியரையும் பிள்ளைகளுக்கு அந்நியராக்கிவிடுமே, எல்லாரையும் ஐயத்தோடு பார்க்கச் செய்யுமே என்று நல்லுள்ளம் கொண்ட இறைமக்கள் சிலர் கேட்கின்றனர். இக்கேள்விக்கு மதிப்பளிக்கவேண்டும். ஆனால் இணைச்சட்ட நூல், புதுவீடு கட்டுபவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என்றும், யாரேனும் விழுந்தால் அப்பழி வீட்டின்மேல் வரும் என்றும் விதிக்கிறது (22:8). சுவர் எழுப்புவதால் வீட்டுக்காரர் விருந்தினரை ஐயுற்றார் என்று எவரும் சொல்வதில்லை. கவனமாக நடப்பது விருந்தினரின் பொறுப்பு என்று அச்சட்டம் ஒதுங்கிக்கொள்ளவும் இல்லை. சுவர் எழுப்புவது வீட்டுக்குரியவரின் கடமை. ஆடை ஒழுக்கம், அடக்கம், எச்சரிக்கை என்று பிள்ளைகளுக்கு மட்டும் போதிக்கும் நாம் இதை எண்ணிப்பார்க்கவேண்டும்.

பொய்ப் புகாரால் குற்றமற்றவர் அழியக்கூடுமே என்பது மற்றொரு ஐயம். அதற்காகவே விசாரணையை அதற்குரியவர்களிடம் விடவேண்டும். தீர ஆராயாமல் ஊர்வாய்க்கு இரையாக்குவதும், தீர ஆராயாமல் மூடிமறைப்பதும் ஒருபோலவே அநீதி. ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியம் வேறு. பங்கு அலுவலகத்தில் ஒரு தாய் சொல்லும் செய்தி வேறு. முன்னதன் புனிதத்தைப் பின்னதற்குப் போர்வையாக்க நமக்கு உரிமை இல்லை. இவ்வகை வழக்குகளுக்கு இருந்த பாப்பிறை இரகசியத்தையே திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பரில் நீக்கினார்.

நம் நாட்டின் சட்டம் இதில் வள்ளுவருக்கு நெருங்கி நிற்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் சட்டம், தன் 19-ஆம் பிரிவில், குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமன்றி, குற்றம் நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல் துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறுவது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. தம் கீழ் உள்ளவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவருக்குத் தண்டனை கூடுதல். வருமுன் காத்தல் இங்கே சட்டமாகவே வந்துவிட்டது. அதன் முதற்சுமையும் தலைவர்மேலேயே வைக்கப்பட்டுள்ளது.

ஆகவே, நம் பங்குகளில் 'பாதுகாப்புக் குழு' என்னும் பெயர்ப்பலகையோடு நாம் அமைந்துவிடலாகாது. அருள்பணியாளரின் அலுவலகக் கதவில் கண்ணாடி உண்டா? திருப்பலிக்குமுன் பீடச்சிறுவர் ஒருவர் பெரியவர் ஒருவரோடு திருப்பொருள் அறையில் தனித்திருக்க நேர்கிறதா? திருப்பயணத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது குறைந்தது இரண்டு பெரியவர்கள் உடன் செல்கிறார்களா? 1098 என்னும் எண் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் எழுதப்பட்டுள்ளதா? இவை சிறிய கேள்விகள். தினையளவு குற்றத்தையும் பனையளவாகக் கொள்வர் பழிக்கு அஞ்சும் சான்றோர் என்று அதே அதிகாரத்தின் 433-ஆம் குறள் சொல்வதால், சிறியவை என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. இக்கேள்விகளை முதலில் எங்களைப் போன்ற அருள்பணியாளரிடம் கேளுங்கள் என்று இறைமக்களை வேண்டுகிறோம். கேட்பது அவமரியாதை ஆகாது. அது எங்கள் கையில் நீங்கள் கட்டும் காப்பு.

ஒரு தாய் தயங்கித் தயங்கி நம் வாயிலில் வந்து நிற்கும்போது, பொறுமை காக்கும்படி அவரிடம் இனி நாம் சொல்லாதிருப்போமாக. அவரை அமரச்செய்து, இறுதிவரை கேட்டு, சொல்லவேண்டிய இடத்தில் அன்றே சொல்லும் மனத்திண்மையை நல்லாயனாம் ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக.